பந்தியில் தொடங்கிய பயணம்

நம் பள்ளியில் என்னோடு படித்தவர்களுக்கு, நான் விருந்தோம்பல் துறைக்குச் சென்றது இன்றும் வியப்பாகவே இருக்கிறது. பாளையங்கோட்டையில் படித்த ஆண்டுகளில் பேச்சுப் போட்டி, நாடகம், மாணவர் தலைவர் தேர்தல் என எதிலும் என் பெயர் இருந்ததில்லை. சென்ற ஆண்டு துபாயில் நடந்த நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் பழைய வகுப்புத் தோழர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் தம் மகளைப் பற்றிக் கவலையோடு சொன்னார்: "அவ வாயே தொறக்க மாட்டா. ஆனா ஓட்டல் படிப்புதான் படிப்பேன்னு சொல்லுதா. அது நல்லாப் பேசத் தெரிஞ்சவங்களுக்கு உள்ள வேலைல்லா?" அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன மறுமொழியை இம்மலரில் விரித்து எழுதுகிறேன்.

எனக்கு இத்தொழிலில் நாட்டம் பிறந்தது கல்யாண வீட்டுப் பந்திகளில்தான். நெல்லைச் சீமையில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சொதி வைக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பிற காய்களும் தேங்காயின் இரண்டாம், மூன்றாம் பாலில் வெந்த பிறகு, தீயைத் தணித்து முதற்பாலை ஊற்றி, இறக்கி வைத்து எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும். முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும் என்பதால், ஆறிப்போன சொதியை மறுபடி கொதிக்க வைத்துப் பரிமாறவும் இயலாது. ஆகவே எங்கள் குடும்பத்துக்குச் சமைக்கும் தவசிப்பிள்ளை, ஒவ்வொரு பந்தியும் உட்காரப்போகும் நேரத்தை அறிந்து அதற்கேற்ப முதற்பாலைச் சேர்ப்பார். அந்த நேரத்தைப் பார்த்து வந்து சொல்லும் பொறுப்பைச் சிறுவனாக இருந்த என்னிடம் ஒப்படைத்தார். முன்வரிசையில் எத்தனை பேர் கை கழுவச் சென்றிருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களா, இலை போட ஆள் வந்துவிட்டாரா என்பவற்றையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, சமையல் நடக்கும் ஆக்குப்புரைக்கு ஓடுவேன். "தம்பி சொன்னா சரியா இருக்கும்" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னதைக் கேட்டபோது, வகுப்பில் எனக்குக் கிடைக்காத ஒரு மதிப்பு அங்கே கிடைத்ததாக உணர்ந்தேன்.

சற்று வளர்ந்ததும் பரிமாறும் வரிசையில் என்னைச் சேர்த்தார்கள். கேட்ட பிறகு கொண்டு வந்து போடுவதைப் பெரியப்பா பரிமாறுதலாகவே கருதமாட்டார். இலையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்பார். மெல்ல உண்ணும் முதியவர் சோற்றை முடிக்கும் முன் ரசத்தோடு போய் நின்று அவரை அவசரப்படுத்தக் கூடாது. தனியாக வந்து அறிமுகமற்றவர்களுக்கு நடுவில் அமர்ந்திருப்பவர் மறு சோறு கேட்கக் கூச்சப்படுவார், அவரிடம் நாமே முதலில் போக வேண்டும். இவற்றைச் செய்யப் பேச்சு மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. அதுவரை குறையாக எண்ணியிருந்த என் இயல்பு, பிறருக்குப் பயன்படக்கூடியது என்பதை அந்தப் பந்திகளே எனக்கு உணர்த்தின.

பின்பு ஒரு சாரல் காலத்தில், குற்றாலத்தில் மாமா நடத்திய சிறிய விடுதிக்கு உதவியாகச் சென்றேன். 2019இல் தென்காசி தனி மாவட்டமாவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய, குற்றாலமும் நெல்லை மாவட்டத்துக்குள் இருந்த காலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் நாட்களில் துணி உலர்வதே பெரும்பாடு. விருந்தினர்களோ ஒரே நாளில் பலமுறை அருவிக்குச் செல்வார்கள். பேரருவிக்குச் சென்றவர்கள் நடந்தே திரும்பிவிடுவார்கள். ஐந்தருவி அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் என்பதால், அங்கே போனவர்கள் வர நேரமாகும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கினால் குளிக்கத் தடை விதிப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். இவற்றைக் கணக்கிட்டு, அவர்கள் படியேறும் முன்பே அறை வாசலில் உலர்ந்த துண்டுகளையும் சுக்குக் காப்பிக்கு வேண்டிய வெந்நீரையும் ஆயத்தமாக வைப்பேன். யாரும் என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால், நனைந்து நடுங்கி வரும் குழந்தையின் தாய் அந்தத் துண்டைக் கண்டதும் அடைந்த ஆறுதலைப் பார்த்தபோது, என் வாழ்நாள் வேலை இதுதான் என்று உறுதியாயிற்று.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. பொறியியல் படிக்காமல் எச்சில் தட்டு எடுக்கப் போகிறானா என்று உறவினர்கள் கேட்டார்கள். அம்மா ஒருவர்தான் துணை நின்றார். நாடளாவிய நுழைவுத் தேர்வு எழுதி, 1963இல் தொடங்கப்பட்டுச் சென்னை தரமணியில் இயங்கிவரும் அரசு ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் சேர்ந்தேன். சமையல், பரிமாறுதல், வரவேற்பு, அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆகிய நான்கையும் அங்கே எல்லோரும் கற்றாக வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் நீடர்வால்ட் என்னும் மலைக் கிராமத்தில் 1850இல் உழவர் வீட்டில் பிறந்த சேசர் ரிட்ஸைப் பற்றி அங்குதான் அறிந்தேன். இத்தொழிலுக்கு வேண்டிய திறமை இல்லையென்று இளமையில் வேலையிலிருந்து அனுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் அவர், 1898இல் பாரிஸில் தம் பெயரிலேயே ஓட்டல் திறந்தார் என்பது எனக்கு மிகுந்த ஊக்கம் தந்தது.

வளைகுடாவுக்கு வந்த பிறகு நான் விரும்பி ஏற்றது நைட் ஆடிட்டர் பணி. ஓட்டலின் அன்றைய கணக்கை முடிப்பவர் அவர்தான். ஒவ்வொரு அறைக்கும் உரிய வாடகையைப் பதிந்து, உணவகத்தின் ரசீதுகளைச் சரிபார்த்து, அதன் பின்னரே கணினியில் தேதியை மாற்ற வேண்டும். நள்ளிரவுக்குப் பின் ரிசப்ஷனில் ஆட்கள் குறைவாதலால், வருகிறவர்களை வரவேற்பதும் பெரும்பாலும் அவரே. இங்கே பின்னிரவில் இறங்கும் விமானங்கள் ஏராளம். அவற்றில் வந்து சேரும் பயணிக்கு உற்சாகமான வரவேற்புரை வேண்டியதில்லை. சாவியை விரைவாகத் தந்து, லிஃப்ட் இருக்கும் திசையைக் காட்டி, அறைக்குக் குடிநீர் போயிருக்கிறதா என்று உறுதிசெய்தால் போதும். ஊரில் ஒரு சாவு நேர்ந்து, விடிந்ததும் விமானம் ஏறவேண்டிய ஒருவர் லாபியிலேயே இரவைக் கழிப்பார். அவருக்கு ஒரு தேநீர் வைத்துவிட்டு, அழைத்தால் காதில் விழும் தொலைவில் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். பேசியே பழகியவர்களுக்கு இது எளிதன்று என்பதை உடன் பணியாற்றியோரிடம் கண்டிருக்கிறேன்.

மௌனமாக இருக்கும் எல்லோருக்கும் இத்தொழில் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பிறர் மீது அக்கறையில்லாமல் ஒதுங்கியிருப்பவர் இதில் துன்பப்படுவார். விற்பனைப் பிரிவில் பேச்சுத்தான் முதல். வேண்டிய அளவு ஆங்கிலம் பேசுவதைப் பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம், கவனித்துப் பார்க்கும் இயல்பைக் கற்றுத் தருவது மிகக் கடினம். விடுமுறை நாட்களே நமக்கு வேலை மிகுந்த நாட்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பல ஆண்டுகளாகக் கைப்பேசியில்தான் பார்க்கிறேன். அந்த ஏக்கம் இன்றும் தீரவில்லை.

தோழரின் மகளோடு பின்னர் தொலைபேசியில் பேசினேன். நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதோடு, பள்ளி விடுமுறையில் ஏதேனும் ஒரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் வேலையை அருகிலிருந்து பார்க்குமாறு சொன்னேன். "சரி மாமா" என்றவள், சிறிது நேரம் கழித்து, படுக்கை விரிப்புகளை எத்தனை செட் வைத்திருப்பார்கள் என்று கேட்டாள். ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில் என ஒவ்வொரு படுக்கைக்கும் குறைந்தது மூன்று செட் வேண்டும் என்று விளக்கினேன். நம் சங்கத்தின் சார்பில் பள்ளியில் மேற்படிப்பு வழிகாட்டும் நிகழ்ச்சி நடக்கும்போது, இத்துறையைப் பற்றி மாணவர்களோடு இணையவழியில் பேச எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளை எழுதிக் கொடுக்க விரும்புவோருக்கு அதற்கும் வழி செய்து தரவேண்டும்.