பஜ்ஜி எண்ணெயும் சார்னோக்கைட்டும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் ஏறி விளையாடி வளர்ந்தவன் நான். அவற்றில் பல சார்னோக்கைட் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல்லை ஆராய்ந்து, நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர் அது. எங்கள் பல்லாவரத்தில் கிடைக்கும் இந்தக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்! எனக்கு இன்னும் அதில் சிறு வருத்தம் உண்டு.

செயற்கைக்கோள் படங்களில் கல்லையும் கனிமத்தையும் அடையாளம் காண்பது என் வேலை; பெரும்பாலும் திரைமுன்தான். 1999-இல் ஏவிய டெரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி எடுத்த படங்களில், கண்ணுக்குத் தெரியாத குறுஅலை அகச்சிவப்பு ஒளியில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். எங்கள் ஊர்க் கல்சுவர், சாலை, படகு, அலைநுரை எல்லாம் ஒரே புள்ளியில் அடங்கிவிடும். ஆகவே, கல் திருப்பித் தரும் ஒளியை அலைநீளம் வாரியாக அளந்து வரைகோடாகத் தரும் நிறமாலைமானியைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர்க் கரைக்கே போனோம்.

ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். வரைகோட்டில் அங்கே பள்ளம் விழும். களிமண்ணுக்கு 2.2 மைக்ரான், கால்சைட்டுக்கு 2.34. சார்னோக்கைட்டில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்துக்கு 0.9 அருகே ஒன்று, 1.9-க்குச் சற்று முன்னே இன்னொன்று. கருங்கல் வெளிச்சத்தை அவ்வளவாகத் திருப்பித் தராது என்பதால் பள்ளங்கள் ஆழமாக இருக்காது. உற்றுப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை வரைகோடுகளில் 1.73-லும் 2.31-லும் ஏதோ தெரிந்தது. இரண்டும் எண்ணெயின் அடையாளம். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது எல்லோர் நினைவிலும் இருந்ததால், கசிவின் மிச்சம் கல்லில் ஒட்டியிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிட்டோம். அறிக்கைக்குத் தலைப்புகூட யோசித்தாயிற்று.

இரவு வீட்டில் மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. அவை பள்ளங்கள் அல்ல, மேடுகள். கல்லின் அளவை, ஒப்பீட்டுக்காகக் கூடவே அளக்கும் வெள்ளைத் தகட்டின் அளவால் வகுத்துத்தான் வரைகோடு வருகிறது. தகட்டில் பள்ளம் இருந்தால் கல்லில் மேடு முளைக்கும். எண்ணெய் தகட்டில் இருந்திருக்கிறது. பதினொரு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி தின்றுவிட்டுத் தகட்டை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் தகட்டைக் குழாயடியில் வைத்து, நனைத்த உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மீண்டும் போனோம். கல்லின் மேல்தோலில் பாசியும் உப்பும்தான் பேசின. சுத்தியால் ஒரு சில்லு பெயர்த்து உடைந்த முகத்தை அளந்த பிறகே ஹைப்பர்ஸ்தீன் எட்டிப் பார்த்தது. செயற்கைக்கோளுக்கு அந்த உள்முகம் கிடைக்கப் போவதே இல்லை.

பக்கத்தில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த பாட்டி, நேற்றே அளந்தீர்களே, இன்று எதற்கு என்று கேட்டார். நேற்று வெயில் சரியில்லை என்றேன்.