தடுப்பவர் கையில்தான் சண்டை

நாடகத்தில் வரும் ஒன்றரை நிமிட வாள்சண்டைக்கு ஆறு வாரம் பழகினோம். முதல் நாளே வாள் கிடைக்கும் என்று ஆசையோடு போனேன், ஆனால் இரண்டு நாள் வெறுங்கையோடு முன்னும் பின்னும் நடக்கத்தான் விட்டார்கள். கையை முழுசாக நீட்டினாலும் வாள் நுனி எதிரில் நிற்பவரின் உடம்புக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட வேண்டும், அந்த இடைவெளி காலுக்குப் பழகின பிறகுதான் வாள்.

மேடை வாளுக்குக் கூர் கிடையாது, நுனியும் மழுங்கல்தான். இருந்தாலும் இரும்பு இரும்புதானே, வேகத்தோடு பட்டால் விரல் உடையும். மோதி மோதி விளிம்பில் பிசிறு கிளம்பிவிடும், அது கையைக் கிழிக்கும் என்பதால் தினமும் தடவிப் பார்த்து அரத்தால் ராவி எடுப்போம்.

தடுப்புகளுக்கு எண்கள் உண்டு. வலது கைக்காரருக்கு மூன்று என்றால் வலப்பக்கம், நான்கு இடப்பக்கம், ஐந்து என்றால் தலைக்கு மேல் வாளைக் குறுக்காகப் பிடிப்பது. மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது வேறு விஷயம்: மேடையில் சண்டையை நடத்துவது வெட்டுபவர் இல்லை, தடுப்பவர். நான் வாளை ஓங்குவேன், அவர் கண்ணைப் பார்ப்பேன், அவர் வாள் தடுப்புக்கு வரத் தொடங்கிய பிறகுதான் என் வாள் இறங்கும். பார்க்கிறவர்களுக்கோ அவர் கடைசி நொடியில் உயிர் தப்பியதாகத் தெரியும்.

நான்காவது வாரம் வேகம் போதவில்லை என்றார்கள். சரி என்று நான் வேகத்தைக் கூட்டினேன், மூன்று, நான்கு, ஐந்து என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே. அவர் இன்னும் நான்கில் இருந்தார், நான் ஐந்துக்குப் போய்விட்டேன். வாள் அவர் விரல் முட்டியில் பட்டு வீங்கிவிட்டது. அவர் கோபப்படவில்லை, "என்னைப் பாக்காம எண்ணிக்கிட்டே இருந்தீங்க" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து மறுபடி பாதி வேகத்தில் ஆரம்பித்தோம்.

ஒவ்வொரு நாள் நாடகத்துக்கு முன்னும் முழுச் சண்டையையும் ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை மேடை வேகத்திலும் போட்டுப் பார்ப்போம், எத்தனையாவது நாளாக இருந்தாலும். இதைத் தவிர்க்கச் சொல்லும் எந்தக் குழுவிலும் நான் வாளைத் தொட மாட்டேன்.

அப்படிப் போட்டுப் பார்த்தும் ஒரு நாள் நாடகத்தில், நடுச் சண்டையில் நான் தலைக்கு ஓங்கியபோது அவர் கண்ணில் ஒன்றுமே இல்லை. மறந்துவிட்டார். நான் வாளை இறக்கவில்லை, ஓங்கியபடியே ஒரு அடி பக்கவாட்டில் வைத்துச் சுற்றினேன், அவரும் சுற்றினார். மூன்று நான்கு நொடி இருக்கும். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அப்புறம் அவர் கை மேலே எழுந்தது, ஐந்து. மறுநாள் ஒத்திகையில் அந்த இடத்தை மட்டும் இரண்டு முறை கூடுதலாகப் போட்டுப் பார்த்தோம்.