துடுப்பு ஒரு குப்பியில், உடல் ஒரு குப்பியில்

வீச்சு வலைக்காரர் தட்டில் கொட்டிய கெண்டைக் குஞ்சுகள் விரல் நீளம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள். தாமிரபரணியில் டாக்கின்சியா என்ற கெண்டைப் பேரினத்தில் இரண்டு இனங்கள் கிடைக்கின்றன: ஒன்று ஆற்றின் பெயரையே கொண்டது, மற்றது ஃபிலமென்டோசா. வளர்ந்த மீன்களில் குழப்பம் குறைவு. ஃபிலமென்டோசாவுக்குப் பட்டை மறைந்து வாலருகே ஒரு புள்ளி மட்டும் நிற்கும். குஞ்சுகளில் எது எது? இதுதான் என் முதுகலை ஆய்வு.

ஆற்றுப் பெயர்க்காரனை 1954இல் மீனியலாளர் சைலஸ் விவரித்தபோது, காவிரியின் அருலியஸ் மீனுக்குக் கிளையினமாகத்தான் வைத்தார். டாக்கின்சியா என்ற பேரினமே 2012இல்தான் வந்தது; ரோஹன் பெத்தியாகொடவும் உடனாய்வாளர்களும் மரபணுவையும் எலும்பையும் சேர்த்துப் பார்த்து, புன்டியஸ் என்ற பெரிய பேரினக் கூட்டத்தை உடைத்தார்கள். அதே கட்டுரையில் ‘திராவிடியா’ என்றும் ஒரு பேரினம் இருந்தது. அந்தப் பெயரை ஒரு பூச்சி முன்பே பிடித்துவிட்டதால், மறு வருடம் ஹாலுதாரியா ஆகிவிட்டது. எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, என் கதை. முதல் தொகுதி முழுவதையும், உடல் அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டேன். மீன்கள் அழகாக விறைத்து நின்றன. டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆரில் ஒன்றும் வரவில்லை. ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து நொறுக்கிவிடும் என்று படித்திருந்தேன், அவசரத்தில் மறந்தேன். மறுபடி ஆற்றுக்குப் போனேன். இம்முறை வலது இடுப்புத் துடுப்பில் அரிசியளவு துண்டு 95% எத்தனாலில், மிச்ச உடல் ஃபார்மலினில், இரண்டு குப்பிக்கும் ஒரே எண். எண்ணைப் பேனாவில் எழுதியிருந்தேன். எத்தனாலில் மை கரைந்து, சீட்டு வெள்ளையாக மிதந்தது. மூன்று துண்டுகள் யாருடையவை என்று இன்றுவரை தெரியாது. பென்சில்தான், வேறெதுவும் கூடாது.

எலும்புக்குச் சாயமேற்றுவதிலும் ஒரு மீனைக் கெடுத்தேன். குருத்தெலும்பை நீலமாக்கும் ஆல்சியன் கரைசலில் அசிட்டிக் அமிலம் உண்டு. ஒரு நாளில் எடுக்க வேண்டியதை வார விடுமுறையில் மூன்று நாள் விட்டேன். எலும்பின் சுண்ணாம்பு கரைந்து, அப்புறம் அலிசரின் சாயத்தில் எத்தனை நேரம் வைத்தாலும் எலும்பு சிவக்கவில்லை. அடுத்தவை நன்றாக வந்தன. டிரிப்சின் நொதியில் சதை தெளிந்து, கிளிசரினில் மீன் கண்ணாடியாக மிதந்தது. தாடையில் பல்லே கிடையாது. தொண்டைக்குள் மூன்று வரிசையாகச் செந்நிறப் பற்கள். முதல் நான்கு முள்ளெலும்புகளோ காற்றுப்பையின் அதிர்வைக் காதுக்குக் கடத்தும் வெபர் எலும்புகளாக மாறியிருந்தன. அன்று ஒரு வேலையும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்ததும் குஞ்சுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஆனால் கூட்டத்துக்குப் பெயர் வைப்பது யார்? பொதுத் தரவுத்தளத்தில் ஒரே மீன் பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் கிடக்கிறது. சில பதிவுகளுக்குப் பின்னால் எந்த உடலும் இல்லை. கடைசியில், சந்தேகமில்லாத பெரிய மீன்களிடமும் துடுப்பு வாங்கி, அவற்றின் வரிசையையும் எலும்பையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் குஞ்சுகளுக்குப் பெயர் எழுதினேன்.

ஒன்று மட்டும் அடங்கவில்லை. சற்றே வளர்ந்த குஞ்சு. பட்டைகள் மங்கத் தொடங்கியிருந்தன, பார்வைக்கும் எலும்புக்கும் ஃபிலமென்டோசா. சிஓஐயோ ஆற்றுப் பெயர்க்காரன் பக்கம். அந்த மரபணு தாய்வழி மட்டுமே வருவது, ஆகவே கலப்பாக இருக்கலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுவைப் பார்க்கப் பணமில்லை. சீட்டில் ‘டாக்கின்சியா’ என்று மட்டும் எழுதி மூடினேன், பென்சிலில்.