பழைய ஆம்னியை உடைக்கக் கொடுத்த அனுபவம்

எங்கள் 2008 மாருதி ஆம்னி வேனுக்கு 2023ல் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிந்தது. அப்பாவின் கருவாட்டு மூட்டையும் ஐஸ் பெட்டியும் தங்கச்சிமடத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் போய்வந்த வண்டி. இஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து தகரத்தைத் தின்றுவிட்டன, பின்னால் ரப்பர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரியும்.

பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலில் இருந்து 5,000. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) முன்னால் டிங்கர் வேலைக்கு 22,000 ஆகும் என்றார் மெக்கானிக் மாமா. "மாப்ள, இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, தகரத்தை மட்டும் மாத்திருவோம்" என்று எவ்வளவோ சொன்னார், நான்தான் கேட்கவில்லை. பழைய வண்டிகளை உடைப்பதற்காக மத்திய அரசு 2021ல் அறிவித்த கொள்கைப்படி உடைக்கக் கொடுத்தால் பழைய வண்டிக்கு, புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும், சாலை வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி, பதிவுக் கட்டணம் இல்லை என்று படித்ததும் மனசு அங்கே போய்விட்டது.

ஆன்லைனில் விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, 2011லேயே கட்டி முடித்த கடன் ஆர்.சி.யில் இன்னும் அப்படியே நிற்கிறது என்று. அதை எடுக்காமல் வண்டியை வாங்க மாட்டார்கள். பேங்கில் கடிதம் வாங்க ஐந்து வாரம் அலைந்தேன், ஒவ்வொரு தடவையும் பழைய லெட்ஜர் வேறு கிளையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான். உங்களுக்கும் கடன் வண்டி என்றால் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள்.

அப்புறம் கொண்டுபோவது. எனக்கு அமைந்த உடைக்கும் மையம் சென்னைப் பக்கம், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆர்.சி. இல்லாத வண்டியை ஓட்டிப் போக முடியாது. வேறு இரண்டு பேருடைய வண்டியோடு சேர்த்து லாரியில் ஏற்றியதில் என் பங்கு 9,000. அங்கே எடை போட்டு 19,000 கொடுத்தார்கள். சேஸிஸ் நம்பர் இருந்த துண்டை மட்டும் கட்டர் வைத்து அறுத்துத் தனியாக எடுத்து வைத்தார்கள். உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அதைப் பார்த்தபோது அழுகை வந்தது.

வண்டியை உடைக்கக் கொடுத்ததற்கான டெபாசிட் சர்டிபிகேட் கைக்கு வந்தது. ஆனால் வரித் தள்ளுபடி, கட்டண விலக்கு எல்லாமே புது வண்டி வாங்கினால்தான். புது வேன் 5 லட்சத்துக்கு மேல், எங்களிடம் இருந்தது ஒன்றரை லட்சம். பழைய வண்டிதான் வாங்க முடியும், அதற்கு இந்தச் சர்டிபிகேட்டால் ஒரு ரூபாய் குறையாது. பழைய வண்டியை நம்பிப் பிழைக்கிறவனிடம் வண்டியை வாங்கிக்கொண்டு, புது வண்டி வாங்க வசதி இருப்பவனுக்குச் சலுகை கொடுப்பது எந்த வகையில் சரி?

2012 ஆம்னி ஒன்றுக்கு புரோக்கர் 1,30,000 சொன்னார். "பழசெல்லாம் உடைக்கப் போகுது தம்பி, நல்ல வண்டி எங்க கிடைக்குது?" என்றார். அதைத்தான் வாங்கினோம், மூன்றாம் மாதமே ஸ்டார்ட்டர் மோட்டார் போனது. முன்பெல்லாம் காயலான் கடையில் உடைத்த வண்டியில் இருந்து மாமா எடுத்துப் போட்டுவிடுவார். இப்போது பரமக்குடி வரை விசாரித்தும் கிடைக்கவில்லை.

"நம்ம வண்டில இருந்தது நல்லா இருந்துச்சே மாப்ள, அதையாவது கழட்டி வச்சியா?" என்று கேட்டார். நான் வைக்கவில்லை.