கிளம்பாத அப்டேட்

எர்ரர் கொட்டுகிற பக் எனக்குப் பயமில்லை, ஸ்டாக் டிரேஸை, அதாவது எர்ரர் எந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியலை, படித்துக்கொண்டே போனால் எங்கேயாவது பிடி கிடைத்துவிடும். திரையில் பச்சை நிறத்தில் "சேமிக்கப்பட்டது" என்று வந்து, டேட்டாபேஸ் டேபிளில் மட்டும் பழைய மதிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் ஆளைத் தின்றுவிடும். ஸ்பிரிங் (ஜாவா செயலிகளைக் கட்ட உதவும் சட்டகம்), ஹைபர்னேட் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸில் எழுதிப் படிக்கிற நூலகம்) என்று ஜாவாவில் வேலை செய்கிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் இதில் மாட்டியிருப்பார்கள்.

எங்கள் சப்போர்ட் டீமிலிருந்து வந்த புகார் இப்படித்தான் இருந்தது: வாடிக்கையாளரின் டெலிவரி முகவரியை மாற்றினால் புதியது காட்டுகிறது, ரெஃப்ரெஷ் செய்தால் பழையது திரும்பி வருகிறது. டீமில் இருந்த தம்பி ஒருவர் உடனே சேவ் மெத்தடை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தார், அது பலிக்கவில்லை என்றதும் மாற்றங்களை உடனே டேட்டாபேஸுக்கு அனுப்பச் சொல்லும் ஃப்ளஷ் சேர்த்தார், அதற்கும் அசையவில்லை. எனக்கு இந்த வழக்கமே பிடிக்காது. தற்செயலாக அது வேலை செய்துவிட்டால் எதற்கென்று தெரியாமலே அந்த வரி வருஷக்கணக்கில் கோடில் கிடக்கும், அடுத்து வருகிறவர் அதைத் தொடவே பயப்படுவார்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அப்டேட் கட்டளை டேட்டாபேஸுக்குக் கிளம்பியதா, இல்லையா? ஹைபர்னேட்டின் எஸ்கியூஎல் லாகையும், டிரான்சாக்ஷன் (ஒன்றாக முடிகிற அல்லது ஒன்றாக ரத்தாகிற டேட்டாபேஸ் வேலைகளின் தொகுப்பு) மேனேஜரின் லாகையும் டீபக் அளவுக்குத் திறந்துவிட்டு பட்டனை அழுத்தினோம். படிக்கிற செலக்ட் வந்தது, அதன் கீழே டிரான்சாக்ஷனை முடித்துவைக்கிற கமிட் வந்தது, நடுவில் அப்டேட் இல்லை.

சரி, கிளம்பவே இல்லை என்றால் ஹைபர்னேட்டுக்கு மாற்றம் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். சாதாரணமாக ஒரு ஆப்ஜெக்டை எடுத்துத் தரும்போதே அதன் மதிப்புகளை ஒரு பிரதி எடுத்து அது வைத்துக்கொள்ளும். ஃப்ளஷ் நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அப்டேட் எழுதும். எங்கள் சர்வீஸ் கிளாஸின் தலையில் டிரான்சாக்ஷனல் அனோட்டேஷன் (மெத்தடுகளை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டச் சொல்லும் குறிப்பு) 'ரீட் ஒன்லி', அதாவது படிக்க மட்டும், என்று போடப்பட்டிருந்தது. தேடிப் பார்க்கிற மெத்தடுகள் மட்டும் இருந்த காலத்தில் அது சரியான முடிவு. பிறகு சேர்ந்த முகவரி மாற்றும் மெத்தடுக்குத் தனி அனோட்டேஷன் இல்லாததால் அதுவும் அதே குடைக்குள் வந்துவிட்டது. ரீட் ஒன்லி என்றால் ஸ்பிரிங் ஹைபர்னேட்டின் ஃப்ளஷ் முறையை மேனுவலுக்கு மாற்றிவிடும், அதாவது தானாக எதுவும் எழுதப்படாது. 2018-இல் வந்த ஸ்பிரிங் 5.1 முதல் அந்த செஷனில் (ஹைபர்னேட் டேட்டாபேஸோடு பேசுகிற அமர்வு) எடுக்கிற ஆப்ஜெக்டுகளையே படிக்க மட்டும் என்று குறித்துவிடுகிறது. ஒப்பிடுவதற்குப் பிரதியே கிடையாது. தம்பியின் ஃப்ளஷ் அசையாமல் போனது இதனால்தான். டேபிளை அணுகுகிற ரெபாசிட்டரியின் சேவ் மெத்தடுக்குச் சொந்தமாக டிரான்சாக்ஷன் இருந்தாலும், வெளியே ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதிலேயே சேர்ந்துகொள்ளும். கட்டளை எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் வரை போயிருந்தாலாவது ரீட் ஒன்லி டிரான்சாக்ஷனில் அப்டேட் ஓடாது என்று அது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கும்.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது எங்கள் டெஸ்ட்தான். அது பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, ஓடிக்கொண்டிருந்தது. டெஸ்ட் கிளாஸின் மேலேயும் ஒரு டிரான்சாக்ஷனல் இருந்தது, அது எழுத அனுமதிக்கிற டிரான்சாக்ஷன். சர்வீஸ் அதற்குள் போய்ச் சேரும்போது சர்வீஸின் ரீட் ஒன்லிக்கு மதிப்பே கிடையாது. அதோடு, மாற்றிய ஆப்ஜெக்டை ஐடி வைத்து மறுபடி எடுத்தால் ஹைபர்னேட் டேபிளுக்குப் போவதில்லை, நினைவில் இருக்கிற அதே ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகிறது. நடுவில் ஃப்ளஷும், நினைவில் இருப்பதைக் காலி செய்கிற கிளியரும் போட்டாலும் இந்த பக் பிடிபட்டிருக்காது, வெளி டிரான்சாக்ஷன்தான் எழுத விடுகிறதே. இப்போது எழுதுகிற மெத்தடுகளுக்கான டெஸ்டுகளில் அந்த அனோட்டேஷனை எடுத்துவிட்டு, உண்மையான போஸ்ட்கிரஸில் ஓட்டி, தனி டிரான்சாக்ஷனில் படித்துச் சரிபார்க்கிறோம். கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, பரவாயில்லை.

அப்டேட் கிளம்பாததற்கு வேறு காரணங்களும் உண்டு. செஷன் மூடிய பிறகு ஆப்ஜெக்டை மாற்றுவது ஒன்று. வெளியே இருக்கிற ஆப்ஜெக்டின் மதிப்புகளைச் செஷனுக்குள் கொண்டுவருகிற மெர்ஜ் திருப்பித் தருகிற ஆப்ஜெக்டை விட்டுவிட்டு, கொடுத்த பழையதிலேயே தொடர்ந்து மாற்றிக்கொண்டிருப்பது இன்னொன்று. லாகைப் பார்த்துவிட்டால் தேட வேண்டிய இடம் குறுகிவிடும்.

அப்டேட் கிளம்பி, கமிட்டும் ஆகி, அப்புறமும் பழைய மதிப்பு இருந்தால் யாரோ மேலே எழுதியிருக்கிறார்கள். ஹைபர்னேட் தானாக எழுதுகிற அப்டேட்டில் மாறிய ஃபீல்டு மட்டுமில்லை, எல்லா ஃபீல்டுகளும் இருக்கும். ஒருவர் போன் நம்பரையும் இன்னொருவர் முகவரியையும் ஒரே நேரத்தில் திறந்து மாற்றினால், பின்னால் சேவ் செய்தவரின் கையில் இருந்த பழைய போன் நம்பரும் சேர்ந்தே போய் உட்காரும். இதற்காக அந்த டேபிளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கூடுகிற ஒரு வெர்ஷன் ஃபீல்டு சேர்த்தோம், திறந்தபோது இருந்த எண் மாறியிருந்தால் சேவ் ஆகாது. இரண்டாவது ஆளுக்கு இப்போது "வேறொருவர் மாற்றியிருக்கிறார், மறுபடி திறந்து பாருங்கள்" என்று வருகிறது. சப்போர்ட் டீமுக்கு முதலில் இது எரிச்சலாக இருந்தது, அப்புறம் ஆர்டர் திரைக்கும் இதே மாதிரி வேண்டும் என்று அவர்களே வந்து கேட்டார்கள்.