பாய்லர் முள் இறங்கிய கதை

குளிர்காலம் தொடங்கிய இரண்டாவது வாரம், காலையில் எழுந்தால் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாம் ஜில்லென்று கிடந்தன. அவற்றுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் கேஸ் பாய்லரின் பிரஷர் மீட்டரில் முள் 0.3 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. எங்களுடையது 0.5-க்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும் ரகம். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது 1-க்கும் 1.5-க்கும் நடுவே இருக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. அடியிலிருக்கும், வெளித் தண்ணீரை உள்ளே விடும் ஃபில்லிங் லூப் வால்வைத் திறந்து 1.2 வரை தண்ணீர் ஏற்றி மூடினேன். பாய்லர் ஓடியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாளில் மறுபடியும் இறங்கியது. அப்புறம் நான்கு நாளில். கடைசியில் தினமும் பல் தேய்ப்பதுபோல் தண்ணீர் ஏற்றுவதும் காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இப்படியே ஓட்டிவிடலாமே என்றும் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போகிறது. ரேடியேட்டர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துருவைத் தடுக்க ஊற்றிய மருந்தும் நீர்த்துப்போகும்.

அழுத்தம் குறைகிறதா, அப்படியானால் எங்கோ ஒழுகுகிறது. என் மூளை அந்த ஒரே தடத்தில்தான் ஓடியது. ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்தேன். சூடான குழாயில் கசியும் தண்ணீர் சொட்டாக விழாமலே காய்ந்துவிடும், பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு பொருக்குதான் மிஞ்சும். படுக்கையறை வால்வின் கழுத்தில் அப்படி ஒன்று, சுண்டுவிரல் நகமளவுக்கு, இருந்தது. ஸ்பானரால் நட்டைக் கால் சுற்று இறுக்கினேன். டிஷ்யூ நனையவில்லை. கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு தூங்கப் போனேன். காலையில் முள் 0.2.

வந்து பார்த்த முதல் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: தரைக்கு அடியில் போகும் குழாயில் ஓட்டை, உடைத்துத்தான் பார்க்க வேண்டும். தரையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். பாய்லரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, 1.2-க்கு நிரப்பி, அதன் அடியில் சூடு போகும் குழாயிலும் திரும்பி வரும் குழாயிலும் உள்ள வால்வுகளை இரவு முழுக்க மூடிவைத்தேன். முள் இறங்கினால் பாய்லருக்குள் பிரச்சினை. இறங்காமல் இருந்து, வால்வைத் திறந்ததும் சட்டென்று விழுந்தால் வீட்டுக் குழாய்களில் பிரச்சினை.

காலையில் முள் 1.2-லேயே இருந்தது. சரி, பாய்லர் குற்றவாளி இல்லை, அந்த மெக்கானிக் சொன்னதுதான் சரி என்று வயிறு கலங்க வால்வுகளைத் திறந்தேன். முள் அசையவே இல்லை. இரவு முழுக்க இரண்டு பக்கமும் ஒரு சொட்டுகூடப் போகவில்லை! பிறகு எப்படித் தினமும் இறங்குகிறது? ஒரு காபி குடித்து முடிக்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. சோதனை முழுக்க ஆறிப்போன தண்ணீரில் நடந்தது. வீடு தண்ணீரை இழப்பது சூட்டில்.

அன்று பாய்லரைப் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். 1.2-இலிருந்து 1.8. கொஞ்ச நேரத்தில் 2.4. முள் 3-ஐ நெருங்கியபோது சுவருக்கு வெளியே ஒரு சளசளப்பு. ஓடிப்போய்ப் பார்த்தேன். கீழ்நோக்கி வளைந்த செப்புக்குழாய் ஒன்றிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தது. சேஃப்டி வால்வின் வெளியேற்றுக் குழாய் அது. 3 பாரில் திறந்துகொள்ளும். மழையில் அந்தச் சுவர் எப்போதும் நனைந்தே இருந்ததால் நான் கவனித்ததே இல்லை. அடுத்த முறை அடியில் வாளி வைத்தேன். ஒன்றரை லிட்டர் பிடித்தது.

சூடானால் தண்ணீர் பெருகும். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் 100 லிட்டருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் கூடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் பாய்லருக்குள் எக்ஸ்பான்ஷன் டேங்க். நடுவில் ரப்பர் திரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்றுப் பக்கம் வருடக்கணக்கில் மெல்ல இறங்கிவிட்டால் தண்ணீர் பெருக இடமில்லை. முள் எகிறும், சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரைக் கொட்டும். ஆறியதும் கொட்டின அளவு உள்ளே குறைந்திருக்கும். நான் காலையில் பார்த்தது அந்தக் குறைவை மட்டும்தான்.

பாய்லரின் மூடியைத் திறப்பது என் வேலை இல்லை, கேஸ் விஷயம். உரிமம் உள்ள வேறொரு மெக்கானிக்கை அழைத்து, எழுதிவைத்த எண்களைக் காட்டினேன். அவர் நேராக டேங்குக்குப் போனார். அதில் கார் டயரில் இருப்பதுபோன்ற வால்வு. ஊசியை அழுத்தினார்: காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. தண்ணீர் வந்திருந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது என்று அர்த்தமாம், டேங்கையே மாற்ற வேண்டியிருக்கும். பாய்லரின் தண்ணீர் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வடிகுழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, சாதாரணக் கால் பம்பால் 1 பார் வரை காற்றடித்தார். அடிக்க அடிக்க வடிகுழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது அளந்தால் மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தைக் காற்றின் அழுத்தம் மாதிரி காட்டி ஏமாற்றும் என்றார்.

சேஃப்டி வால்வையும் மாற்றச் சொன்னார். இத்தனை முறை திறந்து மூடியதில் துருத்தூள் ஏதாவது உட்கார்ந்திருக்கும், இனி இறுக மூடுமா என்பது சந்தேகம். எனக்கு முதலில் தேவையில்லாத செலவாகப் பட்டது. ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே அந்தக் குழாய் முனையில், தண்ணீர் ஆறியிருந்தும், ஒரு சொட்டு திரண்டு தொங்கியதைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டேன். துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போயிருந்ததால் அதையும் அன்றே புதிதாக ஊற்றிக்கொண்டோம்.

இப்போது ஆறியிருக்கும்போது 1.2, முழுச் சூட்டில் 1.7. ஃபில்லிங் லூப்பைத் தொட்டு ஆறு வாரமாகிறது. படுக்கையறை வால்வுக்கு அடியில் இருக்கும் டிஷ்யூவை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.