லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கும் முன் கண்ணைச் சோதித்துவிடுங்கள்

அசிஸ்டன்ட் லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) தேர்வில் இரண்டு கட்ட எழுத்துத் தேர்வையும் ஆப்டிட்யூட் டெஸ்ட்டையும் தாண்டிவிட்டேன். ஒன்றரை வருஷப் படிப்பு. மெடிக்கலில் டாக்டர், நிறக்குருடு இருக்கிறதா என்று சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தைத் திறந்தார். அதன் பக்கங்களில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் இருக்கும் 12 எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. அடுத்ததை 3 என்றேன், வேறொன்றை 70 என்றேன். மற்றவர்களுக்கு அவை 8, 29 என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இத்தனை வயது வரை தெரியாமலா இருந்தது என்று கேட்பார்கள். தெரியாது. பளிச்சென்ற சிவப்பையும் பச்சையையும் நான் பிரித்துவிடுவேன். மங்கலான நிறங்களும் சின்னப் புள்ளிகளும்தான் குழப்பும். சின்ன வயதில் மிளகாய்ச் செடியில் பழம் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்து வருவேன். "உங்க தாத்தாவும் இப்படித்தான்டா" என்பார் அம்மா. விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்திருக்கிறது.

விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. அவற்றில் சிவப்பு, பச்சையைப் பிரிக்க உதவும் இரண்டு வகைகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதில் குறை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. தாத்தாவிடமிருந்து அம்மா வழியாக எனக்கு வந்தது அப்படித்தான். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்கள் 12 பேரில் ஒருவருக்கும், பெண்கள் 200 பேரில் ஒருவருக்கும் இந்தச் சிவப்பு-பச்சை நிறக்குருடு இருக்கிறது. ஆகவே அபூர்வமான குறை என்று நினைக்க வேண்டாம்.

ரயில்வே இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1875-இல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகுதான் ஹோல்ம்கிரென் என்பவர் வண்ணக் கம்பளி நூல்களை வைத்து ரயில் ஊழியர்களின் கண்ணைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இரவில் சிக்னல் என்பது தூரத்தில் தெரியும் ஒரு புள்ளி வெளிச்சம்தான். அதை நான் தவறாகப் படித்தால் பின்னால் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் போய், அச்சிட்ட இஷிஹாரா புத்தகத்தில், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். செல்போன் திரையை நம்பாதீர்கள், அதில் நிறம் மாறும். பக்க வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆலோசனையைக் கேட்கவே கேட்காதீர்கள். மாற்றிப் புரட்டுவார்கள். நிறக்குருடு உள்ளவர் கண்ணுக்கு மட்டும் எண் தெரியும் பக்கங்களும் அதில் உண்டு. பிறவியிலேயே வந்த இந்தக் குறைக்கு மருந்து கிடையாது.

குறை இருப்பது தெரிந்தால் அறிவிப்பின் பின்னிணைப்பில் மருத்துவத் தரத்தைப் பாருங்கள். லோகோ பைலட்டுக்கு ஏ1, ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏ2. ஏ வகை முழுவதற்கும் பி1-க்கும் நிறப்பார்வை கட்டாயம். சி2-இல் வரும் கிளார்க் பணிகளுக்கு அது தேவையில்லை. மெடிக்கலில் தவறினால் மாற்று வேலை கிடைக்காது என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். நான் அதைப் படித்தும் எனக்கில்லை என்று கடந்துபோனேன். இப்போது சி2 பணிகளுக்குப் படிக்கிறேன்.

அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். ரயில் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசையும்கூட. அம்மாவின் அந்த எக்ஸ் அக்காவுக்கும் வந்திருக்கலாம் என்பதால் போன மாதம் அவனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இரண்டாவது பக்கத்தைப் பார்த்ததும் அவன் 8 என்றான்.